கொமினிகேஷன் மிஸ்ஸின் ‘நாங்கள்’

எனக்கு எழுபத்தொன்பது வயது. வளர்த்தது ஏழு பேரை. பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கச்சி விட்டுப்போனது இரண்டு. ஏழையும் ஒரே மாதிரித்தான் அடித்தேன், ஒரே மாதிரித்தான் ஊட்டினேன். ஒருத்தரும் கெட்டுப்போகவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஒரு வரி முடிவதற்குள் அடுப்பு அணைந்துவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல மூத்தவளின் மகள் தன் போனில் தட்டிக்கொண்டிருக்கிறாள். இரத்தோட்டைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்தில் நாங்கள் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு சாதிக்காய் மரம் நிற்கிறது. நான் சொல்லப்போகிறதற்கு அந்த மரங்கள்தான் காரணம்.

டவுனில் காசுக்குப் போன் பேசுகிற கொமினிகேஷன் கடை வைத்திருந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவளும் தன் பெயரைக் கடைப் பலகையில் போட்டதில்லை. எல்லாரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எங்கேயும் படிப்பித்தவள் இல்லை. கண்ணாடி போட்டு, சேலையை ஊசி குத்தி நேராகக் கட்டியிருப்பாள். அதற்கே ஊர் அவளை மிஸ் ஆக்கிவிட்டது. நான் மட்டும் ‘புள்ள’ என்பேன். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும்.

அந்தக் காலத்தில் கையில் போன் வைத்திருந்தவர்கள் குறைவு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையோடு பேசவேண்டுமானால் அவளுடைய கண்ணாடிப் பெட்டிக்குள் போய் நிற்கவேண்டும். ஒவ்வொருவரும் பேசி முடித்து வெளியே வந்ததும் கொலோன் தொட்ட துணியால் ரிசீவரைத் துடைப்பாள். போட்டோ கொப்பி, பாஸ்போட் சைஸ் படம், இரண்டு கம்ப்யூட்டர். கடைக்குப் பின்னால் நீலத் திரை ஒன்று தொங்கும். அதற்குப் பின்னால்தான் குடியிருந்தாள்.

அவள் வாயில் ‘நான்’ என்று வந்து நான் கேட்டதில்லை. “நாங்க ஆறு மணிக்குத் திறப்போம்.” “நாங்க பரிப்பு மட்டுந்தான் ஆக்கினோம் இன்னைக்கு.” “நேத்து மழையில எங்களுக்குத் தூக்கமே இல்ல.” திரைக்குப் பின்னால் புருஷனோ, மாமியாரோ, படுத்த படுக்கையாக யாரோ இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே விசாரிப்பேன்.

“வூட்ல எல்லாரும் சுகமா?”

“நாங்க நல்லாருக்கோம்க்கா.”

திரை அசையாது.

ஒரு நாள் கட்டாருக்குப் போகிற ஒரு பையனிடம் என் மூன்றாவது மகனுக்குக் கொடுத்தனுப்ப ஒரு போத்தல் அச்சாறு கொண்டு போயிருந்தேன். பையன் வரும்வரை அவள் கடையில் காத்திருந்தேன். மூடி கசிந்து, கடை முழுக்க வாசம். டைப் அடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

“என்னக்கா இது?”

“சாதிக்காய்த் தோலு.”

“அதத்தான் எல்லாரும் வீசிருவாங்களே!”

“வீசுறவுங்க வீசட்டும். நீ நாக்குல வச்சுப் பாரு.”

கொட்டையையும் மேலே இருக்கிற சிவப்பு வசுவாசியையும் கழற்றி எடுத்த பிறகு, தடித்த தோலை எல்லாரும் மரத்தடியிலேயே போட்டுவிடுவார்கள். நான் அதைக் கீறி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துவர்ப்பு இறங்கியதும் வெயில் காட்டி, கடுகு அரைத்த வினாகிரியில் போடுவேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழு பிள்ளைகளுக்குச் சோற்றோடு தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாத ஒரு வருஷத்தில் நானே கண்டுபிடித்தது. அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். பிறகு சொன்னாள்:

“இத நாங்க புளொக்ல போடுறோம்.”

என் இரண்டாவது மகன் அப்போது வீட்டுச் சுவருக்கு புளொக் கல் அடித்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த புளொக் அது ஒன்றுதான்.

“கல்லு மேலயா? வேணாம் புள்ள. காய வேண்டியதெல்லாம் காஞ்சிருச்சு. இனிமே வெயில் பட்டா கறுத்துரும்.”

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்ததை நான் பிறகு பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பக்கத்துக் கடை முஸ்லிம் அண்ணன், நானா என்போம், அவருடைய கராம்பு படமாக இருந்தது. யாருடையதோ மிளகு இருந்தது. கீழே தமிழில் எழுத்து.

“பேப்பர் மாதிரிதான்க்கா. நாங்களே எழுதி நாங்களே போடுறது. கொழும்புல இருக்கிற ஆளு பார்ப்பான், கனடாவுல இருக்கிறவன் பார்ப்பான். வேணும்னா எழுதிக் கேப்பான். நாங்க பார்சல் கட்டி அனுப்புவோம்.”

அடுத்த கிழமையே என் அச்சாறு அதில் ஏறியது. வாசித்துக் காட்டினாள். குரல் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்களுடையது மாதிரி இருந்தது. “காலையில் மரத்தடியில் புதிதாக விழுந்த காய்களை மட்டுமே நாங்கள் பொறுக்குகிறோம். துவர்ப்பு நீங்கும்வரை நாங்கள் பொறுமையாகக் காத்திருக்கிறோம். எங்கள் கைகளால் கடுகை அரைக்கிறோம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“யாரு நாங்க? நீயா பொறுக்குனே? நீயா கடுகு அரைச்சே? அம்மில கை வச்சிருக்கியா நீ?”

“நாங்கள்னா அதுல நீங்களும் இருக்கீங்கக்கா.”

“எங்க இருக்கேன்? எங்கிட்ட பேசுறப்ப நாங்கன்னு சொன்னா நான் வெளிய நிக்கிறேன்னுதானே அர்த்தம்? உள்ள இருந்தா நம்மன்னு சொல்லுவே.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “வாங்குற ஆளுக்கு எழுதுறப்போ நாம்னு எழுத ஏலாதுக்கா. அவன் உப்புப் போடலையே.”

“அவனுக்கு எப்படியாச்சும் எழுது. எங்கிட்ட பேசுறப்பவாச்சும் நம்ம அச்சாறுன்னு சொல்லு.”

சரி என்று தலையாட்டினாள். ஆனால் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் என் முகத்தைப் பார்த்தே “எங்க அச்சாறு நல்லாப் போகுதுக்கா” என்பாள். அச்சாறு என்னுடையது, மரம் என்னுடையது, கை என்னுடையது. ‘எங்க’ மட்டும் அவளுடையது. நான் ரோஷக்காரி. இரண்டு தடவை போத்தலைக் கொடுக்காமல் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றாவது தடவை நானே கொண்டு போய்க் கொடுத்தேன். அந்தக் கடையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அவள் வாசிக்க என் அச்சாறைப் பற்றிக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

திரைக்குப் பின்னால் யாரும் இல்லை என்று எனக்குச் சொன்னவர் பக்கத்துக் கடை நானா. ஒரு நாள் அவள் தபால் கந்தோருக்குப் போயிருந்தாள். உள்ளே இருக்கிறவர்களுக்கு என்று நான் கொழுக்கட்டை கொண்டு போயிருந்தேன். திரையை நோக்கிக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு நானா வெளியே வந்தார்.

“ஆரக் கூப்புடுறீங்க அக்கா?”

“உள்ள இருக்கவுங்களத்தான்.”

“உள்ள ஆரு ஈக்கி? அந்தப் புள்ள மட்டுந்தான். தாயும் தகப்பனும் நானா தம்பிமாரும் அந்தக் காலத்துல கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போயிட்டாங்க. இவட பேரு அந்தப் பாஸ்போட்டுல உடுபட்டுப் போச்சாம். மாமி ஒருத்தி வச்சி வளத்தா. அவவும் மௌத்தாகி எத்தனையோ வருஷம்.”

கொழுக்கட்டையை நானாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகும் “வூட்ல எல்லாரும் சுகமா?” என்றுதான் கேட்டேன். “நாங்க நல்லாருக்கோம்க்கா” என்றாள். தான் தனி என்பதை அவள் வாயிலிருந்து ஒரு ஆள் கேட்டுவிடக்கூடாது. அவள் காத்து வைத்திருந்த சொத்து அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

அச்சாறு நன்றாகத்தான் போனது. அப்போது கொழும்பில் இருந்த ஒரு பெண் அந்தப் பக்கத்துக்குக் கீழே எழுதிக் கேட்டாள்: உங்களில் எத்தனை பேர் செய்கிறீர்கள், படம் போடுங்களேன் என்று. மிஸ் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு என் கையைப் படம் பிடித்தாள். முதலில் கண்ணாடி வளையலோடு காய் கீறுகிற கை. பிறகு வளையலைக் கழற்றி, சேலைத் தலைப்பை மாற்றிக் கடுகு அள்ளுகிற கை. அவளுடைய கைக்கடிகாரத்தை எனக்குக் கட்டி, போத்தல் மூடுகிற கை. முழங்கை வரை சட்டை இழுத்துவிட்ட ஒரு கை. இப்படி ஆறு. முகம் ஒன்றும் இல்லை. மேலே கொட்டை எழுத்தில் போட்டாள்: ‘எங்கள் மகளிர் அணி.’

நானா வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “மிஸ், இந்த அணி கிணின்னு எழுதாதீங்க. காலம் செரியில்ல.”

“வலைப்பந்து அணின்னு சொல்றதில்லையா நானா? அதுமாதிரித்தான்.”

“நீங்க பந்து வெளயாடலியே.”

நான் சின்ன வயதில் விறகு பிளக்கும்போது கத்தி பட்டு, வலது பெருவிரலில் குறுக்கே ஒரு தழும்பு. எனக்கு அது பழகிப்போனது, அவளும் கவனிக்கவில்லை. கனடாவிலிருந்து ஒருத்தர் எழுதியிருந்தார்: ‘உங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் பெருவிரலில் தழும்பு இருக்குமா?’ அதை எனக்கு வாசித்துக் காட்டினபோது அவள் முகம் கறுத்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஆமான்னு எழுது புள்ள. அச்சாறு போடத் தெரிஞ்சவளுக்கெல்லாம் இருக்கும்னு எழுது” என்றேன். அவள் பதில் எழுதவில்லை.

வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். அங்கே துவக்குத் தூக்கின பெண்பிள்ளைகளின் கூட்டத்துக்கும் அணி என்றுதான் பெயர். எங்கள் ரோட்டில் நிறுத்திச் சோதிக்காத பஸ் இல்லை. ஐடென்டி கார்ட் இல்லாமல் கறிவேப்பிலை பறிக்கக்கூட நான் போகமாட்டேன். ஒரு பகல், நான் போத்தல்களை இறக்கிவைத்துக்கொண்டிருந்தபோது சிவில் உடுப்பில் இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். எந்தக் கந்தோர் என்று சொல்லவில்லை. மூத்தவர் கையில் குடை. இளையவன் கையில் தாள்கள். அவளுடைய பக்கத்தை அப்படியே அச்சடித்திருந்தார்கள். யாரோ அதைச் சிங்களத்தில் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் அணி ஒன்று, ஆறு பேர், முகம் காட்டுவதில்லை, வெளிநாட்டில் இருப்பவர்களின் ஆதரவைக் கேட்கிறது. அச்சாறு என்ற சொல் எங்கே போனதோ.

மூத்தவர் மெதுவாகத்தான் கேட்டார். “கவுத மிஸ் மே அப்பி?” யார் இந்த ‘நாங்கள்’ என்று.

சிங்களத்தில் அதற்கு ஒரே சொல்தான். நாங்களும் அப்பி, நாமும் அப்பி. உள்ளே வெளியே இல்லை.

பெயர்களைச் சொல்லுங்கள் என்றார். அவள் கீபோர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ‘யாரும் இல்லை சேர், நான் ஒருத்திதான்’ என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். நான் காத்துக்கொண்டு நின்றேன். நானா வாசலில் நின்று கையைப் பிசைந்தார். வெளியே ஜீப் ஒன்று ஸ்டார்ட்டில் நின்றது.

“சொல்லு புள்ள” என்றேன்.

“நாங்க…” என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

இளையவன் அவளுடைய ஐடென்டி கார்ட்டைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. போய் அந்தத் தாளின் மேல் என் பெருவிரலை வைத்தேன்.

“அப்பி நெமெய் மாத்தயா. மே மம.” நாங்கள் இல்லை ஐயா, இது நான் என்று.

மூத்தவர் குனிந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். அடுத்த தாள். விரல். அடுத்த தாள். வளையல் கை, கடிகாரக் கை, எல்லாவற்றிலும் அதே தழும்பு. குடையை மேசையில் சாய்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

“ஒக்கோம எக அம்மா கெனெக்னே!” எல்லாம் ஒரே அம்மாதானே!

இளையவனும் சிரித்தான். வாசலில் நானா பயம் விட்ட சிரிப்புச் சிரித்தார். நான் ஒரு போத்தலைத் திறந்து மூத்தவருக்கு முன்னால் நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார், வாசம் மட்டும் பிடித்தார். கார்ட்டை அவளிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். போகும்போது அவளிடம் தன்மையாகவே, “தனியம நம் தனியம கியல தாண்ட மிஸ்” என்றார். தனி என்றால் தனி என்றே போடுங்கள் என்று. அந்தச் சொல் மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றாக இருக்கிறது.

ஜீப் போனது. கடையில் சிரிக்காமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

“ஏன்க்கா கையக் காட்டுனீங்க?”

“பின்ன? ஒன்னைய ஜீப்புல ஏத்துறதப் பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?”

“நாங்க சமாளிச்சிருப்போம்” என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். நான் காட்டியது சரிதான். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதே விரலைத்தான் காட்டுவேன்.

அதன் பிறகு அவள் அந்தக் கைகளின் படங்களை எடுத்துவிட்டாள். ‘நாங்கள்’ என்று இருந்த இடங்களையும் அழித்தாள். ஆனால் அங்கே ‘நான்’ என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. புதிதாக எழுதியதை வாசித்துக் காட்டினாள்: “காய்கள் பொறுக்கப்படுகின்றன. கடுகு அரைக்கப்படுகிறது. போத்தல்கள் அனுப்பப்படும்.”

“யாருமே இல்லாம அதுவா அரைபடுதா?” என்றேன்.

“அப்படித்தான்க்கா எழுதணும் இப்போ.”

யாருமே செய்யாத அச்சாறை யார் வாங்குவார்கள்? கேட்டு எழுதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். சண்டை முடிந்தது. ஊரில் எல்லார் கையிலும் போன் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் எண்ணெய் டின்களை அடுக்கிவைத்தாள். கொலோன் துணி காய்ந்துபோனது. நான் மட்டும் கையில் மகன் வாங்கிக் கொடுத்த போனை வைத்துக்கொண்டே அவள் கடைக்குப் போய்ப் பேசினேன்.

கொழும்பில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. தேயிலையும் வாசனைச் சாமானும் விற்கிற கம்பெனி. அவர்களுக்கும் ஒரு புளொக், அதில் எழுத ஆள் வேண்டும். அவளுடைய பழைய பக்கத்தைப் பார்த்தவர்கள்தான்.

“அங்கயும் நாங்கள்னுதான் எழுதணும்க்கா” என்றாள். “அங்க நெசமாவே நெறைய பேரு இருக்காங்க.”

“ஒனக்குத் தெரிஞ்சவுங்களா?”

“இனிமேத்தான் தெரியணும்.”

போகிற அன்று நான் பஸ் ஸ்டேண்டுக்குப் போனேன். நானாவும் வந்து பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டார். ஒரு பெட்டி, ஒரு பை. ஒரு மனுஷியின் அவ்வளவு வருஷம் அதற்குள் கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் யன்னல் ஓரம் உட்கார்ந்தாள். “நேரத்துக்குச் சாப்புடு புள்ள” என்றேன். தலையாட்டினாள். பஸ் நகர்ந்தபோது பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து யன்னலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

“நம்ம அச்சாறு ஒரு போத்தல் கொண்டு போறேன்க்கா!”

கையைக் காட்டினேன். நானாவோடு திரும்பி நடந்தேன். பாலத்தடிக்கு வந்த பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்று காதில் விழுந்தது. நம்ம அச்சாறு. கொண்டு போறேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். மாத்தளைப் பக்கம் புகை மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. கொடுத்த நம்பர் ஒரு வருஷம் அடித்தது, பிறகு அடிக்கவில்லை. பேத்தி அந்தப் பக்கத்தைத் தன் போனில் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கல்லாக இருந்திருந்தால் கிடந்திருக்கும்.

சாதிக்காய் இந்த வருஷமும் விழுகிறது. கீற விரலுக்குப் பலம் இல்லை; தோல் மரத்தடியிலேயே கிடக்கிறது. ஏழு பேரும் ஏழு இடத்தில் நன்றாக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருத்தராகப் பேசுவார்கள். “சாப்பிட்டியாம்மா?” என்பார்கள். சாப்பிட்டோம் என்பேன். அவர்கள் மேற்கொண்டு கேட்பதில்லை; பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். போனில் தட்டிக்கொண்டிருக்கிற இவள் லீவுக்கு வந்தவள், நாளைக் காலை பஸ்ஸுக்குப் போகிறாள்.

போவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னேன். தொடங்கினவள் கொஞ்ச தூரத்திலேயே நிறுத்திவிட்டாள்.

“அம்மாயி, இங்க ‘நாங்கள் இருக்கிறோம்’னு சொல்லியிருக்கீங்க. நீங்க ஒருத்திதானே இருக்கீங்க? ‘நான்’னு மாத்திரவா?”

“மாத்தாத புள்ள. அப்படியே வாசி.”